பல்லால் கேட்டவர்

வினிப்பெக்
அக்டோபர் 3, 2004

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று எஃபி அத்தை தொலைபேசியில் சொல்லிவிட்டாள். ஆகவே அந்த விசாரிப்பை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் பிடுங்கிவிடலாம் என்று பல் மருத்துவர் சொன்னாராம். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தீர்களாம். அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருக்காது. காது கேட்காதவர் தலையை ஆட்டினால் எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இனிமேல் சிலேட்டைக் கையோடு கொண்டுபோய் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பிடுங்க விடாதீர்கள். உங்களுக்கு இந்த ஈறு நோய் பதினைந்து வருடமாக இருக்கிறது. மூன்று முறை ஈறைப் பிளந்து சுத்தம் செய்தார்கள். இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சில மாதம் அடங்கும். பிறகு மறுபடி ரத்தம், சீழ், ஆட்டம். எல்லோரும் பாக்டீரியாவையே துரத்திக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேறொன்றைப் பார்க்கிறோம். நோய் முற்றினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு பை உண்டாகிறது இல்லையா, அதற்குள் அக்கி இனத்து வைரஸ்கள் பதுங்கியிருக்கின்றன. அவை விழித்துக்கொண்டால் அந்த இடத்தில் உடம்பின் காவல் தளர்கிறது. பாக்டீரியா உள்ளே புகுந்து எலும்பைத் தின்கிறது. வைரஸை மருந்தால் அடக்கினால் ஈறு ஆறும் என்பது எங்கள் கட்சி. ஊரறிந்த வைத்தியம் இல்லை இது. சிலரிடம் பலித்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் பைகளில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்துடன் வரும் பொட்டலத்தில் ஆறு குப்பிகளும், ஈரத்தை உறிஞ்சும் காகித ஊசிகளும் இருக்கின்றன. எஃபி அத்தையை விட்டு ஒவ்வொரு ஊசியையும் ஈறுப் பைக்குள் நுழைத்து, பத்து எண்ணிவிட்டு, குப்பியில் போடச் சொல்லுங்கள். நீங்களே செய்யாதீர்கள், உங்கள் கை நடுங்கும்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஊர்க்கதை வேண்டாம். எனக்கு நேரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டல்


டக்கர்ஸ் ஆர்ம், நியூஃபவுண்ட்லாந்து
அக்டோபர் 19, 2004

அருமை மகன் ரெண்டலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், எஃபி, அவளுடைய கிழட்டு நாய் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் குப்பிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி காரியம் நடந்தது. எஃபி என்னைச் சமையலறை மேசையில் மல்லாத்திவிட்டு, புருவ முடி பிடுங்கும் இடுக்கியை வெந்நீரில் போட்டு எடுத்து, நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவள் மாதிரி இருந்தாள். முதல் ஊசிக்கே கத்திவிட்டேன். அவள் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "வாயைத் தொறந்து வை, ஆனா பேசாத. உன்னைப் பேசாம வைக்க முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு வழி கெடச்சிருக்கு."

அந்த நேரம் பார்த்துப் பாதிரியார் உள்ளே வந்துவிட்டார். மேசையில் கிடந்தவனைப் பார்த்து, "என்ன எஃபி, ஹெட்லி போயிட்டானா?" என்று கேட்டாராம். "இன்னும் இல்ல ஐயா, பல்லுதான் போயிட்டிருக்கு. நீங்க ஒரு டீ குடிச்சிட்டு இருங்க" என்றாளாம் இவள்.

கேட்டதற்கு மட்டும் எழுது என்கிறாய். அந்தப் பல் எனக்கு எதற்கு என்று நீ கேட்கவே இல்லையே, அதனால் நானாகச் சொல்கிறேன். மீன் ஆலையில், குளிரூட்டும் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம் நின்று என் காது போனது உனக்குத் தெரியும். ஆனாலும் சபை வாத்தியக் குழுவில் இன்றைக்கும் அந்தப் பித்தளைக் குழலை, என் கார்னெட்டை, ஊதுகிறேன். பழக்கத்தில் ஊதுகிறான் என்று நினைக்கிறார்கள். இல்லை மகனே. ஊதுவாயை உதட்டோடு அழுத்தினால் அதிர்வு முன்பல்லில் ஏறி, மண்டைக்குள் சுரமாகவே கேட்கிறது. பிசிறு தட்டினால் பிசிறோடு கேட்கிறது. எனக்கு இந்த உலகத்தில் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். அந்த நாலு பல்லும் போனால், ஈஸ்டர் விடியலில் குழுவோடு குன்றின் மேல் நிற்கப்போவது நான் இல்லை, எனக்குத் தைத்த சீருடை.

மற்றபடி, கால் வீங்கிக் கிடக்கிறது, பூட்ஸ் ஏறவில்லை. எஃபி ஞாயிற்றுக்கிழமை உப்பு மாட்டிறைச்சி வேகவைத்துக் கொடுத்தாள். வாயில் வைத்தால் செம்புக் காசை நக்கினது போல இருந்தது. தோல் எல்லாம் அரிப்பு. பெர்ரி பறிக்கக் குன்று ஏறியவன் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். வயசு.

உன் அம்மாவின் கல்லறை வேலிக்கு வெள்ளை அடித்தாயிற்று.

உன் வேலைக்கு நடுவே சாப்பிட மறக்காதே.

அன்புள்ள அப்பா


வினிப்பெக்
நவம்பர் 6, 2004

அப்பாவுக்கு,

நலம். நலமா.

ஆறு குப்பிகளில் ஐந்தில் வைரஸ் இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. சோதனையை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். எஃபி அத்தையின் கை எங்கள் மாணவர்களின் கையைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பல்லால் கேட்பது அதிசயம் ஒன்றும் இல்லை. பலமான அதிர்வு எலும்பு வழியாக, உட்காதில் இன்னும் மிஞ்சியிருக்கும் நரம்புக்குப் போகும். ஆனால் இதை இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? முன்னாலேயே தெரிந்திருந்தால் முன்னாலேயே ஆரம்பித்திருப்பேன்.

பூட்ஸ் ஏறவில்லை என்றால் பெரிய அளவு வாங்கிப் போடுங்கள். செம்புக் காசு வாடை ஈறு ரத்தத்தால் வருவது. அரிப்புக்கு எண்ணெய் தடவுங்கள். இதையெல்லாம் எனக்கு எழுதாதீர்கள் அப்பா. நான் கேட்பது பல்லைப் பற்றி.

இங்கே எங்களோடு இருக்கும் பல் மருத்துவர் டாக்டர் ஃப்ரீசன் மாத்திரை எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நேரில் பார்க்காத ஆளுக்கு எழுத அவருக்கு மனமில்லை. "ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லு, ரெண்டல்" என்றார். உங்கள் ஊரில் முறை வர இரண்டு மாதம் ஆகும், அதற்குள் பல் விழுந்துவிடும் என்று ஒரு வாரம் சண்டை போட்டு, படிவம் ஒன்றே போதும் என்று சொல்ல வைத்திருக்கிறேன். படிவம் இத்துடன் இருக்கிறது. ஐந்தே கேள்விகள். ஆமாம் அல்லது இல்லை. கதை எழுதாதீர்கள்.

ரெண்டல்


டக்கர்ஸ் ஆர்ம்
நவம்பர் 20, 2004

மகன் ரெண்டலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

இதய நோய்: இல்லை. ஈரல் நோய்: இல்லை. மருந்து ஒவ்வாமை: இல்லை. சிறுநீரகக் கோளாறு: இல்லை. தினமும் சாப்பிடும் வேறு மாத்திரைகள்: இல்லை.

கேட்டதற்கு மட்டும் எழுதியிருக்கிறேன்.

அப்பா


டக்கர்ஸ் ஆர்ம்
டிசம்பர் 16, 2004

என் தங்கமே ரெண்டல்,

நீ எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிற இருப்பைச் சொன்னால் நம்பமாட்டாய்.

மாத்திரை பத்தாம் தேதி வந்தது. நீ சீட்டு ஒட்டியிருந்தபடி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாம் நாளே தலையணை உறையில் ரத்தக் கறை இல்லை. எஃபி விரலை விட்டு ஆட்டிப் பார்த்து, "நிக்குது!" என்று சிலேட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள். கார்னெட்டை எடுத்து உச்ச சுரம் பிடித்தேன். மண்டை முழுக்கக் கேட்டது.

அது ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து எனக்குக் கேட்கிறது மகனே. பல்லால் இல்லை, காதால். முதலில் மழை கேட்டது. ஜன்னலில் விழுகிற மழை, அப்புறம் தகரக் கூரையில் விழுகிற மழை, இரண்டும் தனித்தனியாக. ஆலையில் எஞ்சின் ஓடுகிறது. இரண்டாம் நம்பர் எஞ்சினில் ஒரு வால்வு தட்டுகிறது, போய்ச் சொல்ல வேண்டும். சாமான் அறைக்குள் நம் குழு முழுதும் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், அவ்வளவு சின்ன அறையில் எப்படி என்று தெரியவில்லை. டூபாக்காரன் கிளாரன்ஸ் வழக்கம்போல அரைத் தாளம் பின்னால் வருகிறான். செத்தும் திருந்தவில்லை.

உன் அம்மா தொட்டியடியில் பாத்திரம் வைக்கிறாள். கரண்டி கரண்டியோடு படுகிற சத்தம். "ஹெட்லி, கெட்டில் பொங்குது பாரு" என்கிறாள். அப்புறம் "ரெண்டலுக்கு எழுதுறப்ப" என்றாள், "ரெண்டலுக்கு எழுதுறப்ப மறக்காம" என்றாள். என்ன என்று திரும்பினேன். எஃபி வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

நீ படித்த படிப்பு வீண்போகவில்லை. நான் முழுசாகச் சுகமாக இருக்கிறேன்.

உன் அம்மா ஆலிவ் உன்னை விசாரித்தாள்.

அப்பா


வினிப்பெக்
டிசம்பர் 17, 2004

அப்பாவுக்கு,

நான் நலம். ஒரு வாரமாகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ரத்தக் கசிவை நாள்தோறும் குறிக்க ஓர் அட்டவணை வைத்திருந்தேனே, என்ன ஆயிற்று? எந்தப் பல், எத்தனை புள்ளியில் கசிவு, எண் மட்டும் போதும்.

வசந்தத்தில் மாண்ட்ரியலில் ஒரு கூட்டம் இருக்கிறது. பலன் தெரிந்தால் பெயர் போடாமல் உங்களைப் பற்றி வாசிக்கலாம் என்றிருக்கிறேன். ஆகவே ஒரு மாத்திரையைக்கூட விடாதீர்கள். தலைசுற்றல் மாதிரி ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பத்து நாள்தான்.

கிறிஸ்துமஸுக்கு வர இயலாது. சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அத்தைக்கும் சொல்லிவிடுங்கள்.

ரெண்டல்


வினிப்பெக்
ஜனவரி 9, 2005

அப்பாவுக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு இன்று எப்படி இருக்கிறது என்று அத்தை தொலைபேசியில் சொன்னாள்.

மருத்துவமனையில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருபது நாள் உட்கார்ந்திருந்தேன். சிலேட்டில் எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. இங்கே வந்து கதவைத் திறந்தால் தரையில் உங்கள் டிசம்பர் 16ஆம் தேதிக் கடிதம் கிடக்கிறது. அத்தை அழைத்ததும் நான் விமானம் ஏறினேன்; நான் அங்கே வந்துகொண்டிருந்தபோது அது இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் 17ஆம் தேதி எழுதியதை அத்தை உங்கள் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்து என் கையிலேயே கொடுத்தாள். பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்காது, எழுதுகிறேன். நண்பகல் வேளையில், வெறும் செருப்போடு பனியில் நடந்துபோய், சபையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று, வாத்தியக் குழுவை நடத்துகிறவர் போலக் கையை வீசிக்கொண்டிருந்தீர்களாம். அத்தை போய்க் கையைப் பிடித்திருக்கிறாள். "எஃபி, சும்மா இரு, மெதுவா வர்ற இடம் இது" என்றீர்களாம். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை கையை நிறுத்தவில்லையாம்.

அத்தையின் சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னாள். "உனக்குத் தெரியவே தெரியாதா? ரெண்டு வருஷமா கிட்னி டாக்டர்கிட்ட போயிட்டிருக்கான்டா அவன்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு வந்து நிப்பேன்னு என் வாயைக் கட்டிட்டான். ஆலிவ் சீக்குல படுத்தப்ப ஒரு வருஷப் படிப்பை விட்டியே, அந்தக் கடனே போதும்னான்."

"படிவத்துல இல்லைன்னு எழுதியிருந்தாரே அத்தை!"

"பக்கத்துலதான் நின்னேன். 'ஆமான்னு போட்டா மாத்திரை வராது எஃபி, மாத்திரை வரலேன்னா பல்லு போயிரும்'னான். நான் பேனாவைப் புடுங்கல. அது என் தப்பு. முழங்கால் வலிக்குத் தெனமும் முழுங்குற மாத்திரையையும் மறைச்சான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனா நீ அவ்ளோ படிச்சவன். கால் வீங்கியிருக்குன்னு உங்கப்பன் எழுதினதை நீ படிக்கலியா?"

படித்தேன். பூட்ஸ் பெரியது வாங்குங்கள் என்று பதில் எழுதினேன். வீக்கம், செம்பு ருசி, அரிப்பு, மூச்சு வாங்கல். கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பல்லைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உங்களிடம் வெளியேறவில்லை. தேங்கி மூளைக்குப் போயிற்று. நீங்கள் கேட்டது மழை இல்லை அப்பா. அந்த வாரம் முழுதும் அங்கே பனிதான் பெய்தது. ஆலை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மீதியை எழுதக் கை வரவில்லை.

உங்கள் மருத்துவர் என்னிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "சிறுநீரகம் இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓடியிருக்கும். இப்ப முடிஞ்சுபோச்சு." வாரம் மூன்று நாள் ரத்தம் கழுவும் இயந்திரம். அந்த ஒன்றரை வருடத்தை எடுத்தவன் நான்.

டாக்டர் ஃப்ரீசனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்ட ரத்தப் பரிசோதனையைத் தடுத்ததும் நான்தான்.

பதில் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

ரெண்டல்


வினிப்பெக்
பிப்ரவரி 6, 2005

அப்பாவுக்கு,

நான்கு வாரமாக உங்கள் கடிதம் இல்லை. இயந்திரத்தில் படுப்பது பழகிவிட்டது என்று அத்தை சொன்னாள். அவள் சொல்வதை நம்புவதா என்று தெரியவில்லை.

என் சிறுநீரகம் ஒன்றை உங்களுக்குக் கொடுக்கப் பரிசோதனைகள் ஆரம்பித்துவிட்டேன். என்னுடையது பொருந்தாவிட்டாலும் உங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கு மாற்று அறுவை மருத்துவர்கள் போடும் நிபந்தனைகளில் ஒன்றை நான்தான் எழுத வேண்டும், வேறு யாரையும் எழுத விடமாட்டேன்.

மாற்று உறுப்பு வைத்தபின் உடம்பின் எதிர்ப்பை மருந்தால் அடக்கிவிடுவார்கள். அப்போது வாயில் சீழ்ப் பை ஒன்று இருந்தாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே நோயுள்ள பற்கள் ஒன்று விடாமல் வெளியே வர வேண்டும். மேல்வரிசை முழுதும்.

வேறு வழி உண்டா என்று அவர்களிடம் சண்டை போட்டேன். வைரஸ், பை, எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க ஆராய்ச்சிக்கு அவர் வாய் இடமில்ல" என்று அங்கிருந்த அம்மாள் சொன்னாள். அவள் சொன்னது சரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மருத்துவமனையில் தூங்கும்போது ஒரு பகலில் உங்கள் ஈறை அளந்தேன். ஐந்து இடங்களில் கசிவு நின்றிருந்தது. ஆறு நாள் மருந்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பற்கள் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிடுங்க விடாதீர்கள் என்று அக்டோபரில் எழுதிய அதே கையால் எழுதுகிறேன்: பிடுங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ரெண்டல்


டக்கர்ஸ் ஆர்ம்
பிப்ரவரி 21, 2005

அன்பு மகன் ரெண்டலுக்கு அப்பாவின் ஆசி. இங்கே நாய்க்கு மட்டும் சளி.

திட்டச் சொன்னாய். எதற்குத் திட்டுவது? பொய் எழுதியவன் நான். நீ கேள்வியைத் தெளிவாகத்தான் கேட்டிருந்தாய்.

இயந்திரம் பரவாயில்லை. நாற்காலியில் முதுகைச் சாய்த்தால் மோட்டாரின் அதிர்வு தெரிகிறது. பழைய எஞ்சின்காரனுக்கு அது போதும். பக்கத்து நாற்காலியில் ஓர் இறால் படகுக்காரன் படுத்திருக்கிறான், சிலேட்டில் சீட்டாட்டப் புள்ளி எழுதுகிறான், ஏமாற்றுகிறான்.

பல்லைப் பிடுங்கிக்கொள்கிறேன். ஈஸ்டர் முடியட்டும், அது மட்டும் விடு. உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம். நீ வாழ வேண்டியவன். யாருடையதாவது வரும்போது வரட்டும்.

உன் கடிதத்தில் ஆறு இடத்தில் மை கரைந்திருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுது.

அப்பா


டக்கர்ஸ் ஆர்ம்
ஏப்ரல் 4, 2005

ரெண்டல் கண்ணுக்கு எஃபி அத்தை எழுதுவது. நலம், நாடுவதும் அதுவே. எனக்குக் கடிதம் எழுத வராது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா எழுதமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான், அதனால் எழுதுகிறேன்.

ஈஸ்டர் அன்று குன்றின் மேல் முழங்கால் அளவு பனி. இவனைப் பனிவண்டியில் வைத்துத்தான் ஏற்றினார்கள். குழுத் தலைவர் வந்து, தனி வாசிப்பு முழுதும் உனக்கே என்று எழுதிக் காட்டினார். "எனக்கே குடுத்தா மத்தவன் எல்லாம் குளிர்ல என்ன பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். நடுவில் ஓர் இடத்தில் மூச்சுப் பத்தவில்லை. யாரும் அதை நிரப்பவில்லை, அவன் திரும்ப எடுக்கும்வரை எல்லோரும் நின்றார்கள். எனக்கு இசை தெரியாது. நன்றாக இருந்தது.

புதன்கிழமை பல் டாக்டர். கிளம்பும் முன் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவன் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து கார்னெட்டை எடுத்து ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்தான். மூச்சு தீரும்வரை. மறுபடி மூச்சு எடுத்து அதே சுரம். அப்படி ஏழெட்டு முறை. நான் திரும்பவில்லை. கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அப்புறம் எழுந்து, "வா, நேரமாச்சு" என்றான்.

பதினொரு பல். டாக்டர் நல்ல பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிலேட்டில் எழுதிக் காட்டினான். முன்பல்லுக்கு வந்தபோது, "இது கெட்டியா இருக்கே" என்று என்னிடம் சொன்னான். நான் அதை உன் அப்பாவுக்கு எழுதிக் காட்டவில்லை.

நீ சாப்பிடுகிறாயா?

எஃபி அத்தை


டக்கர்ஸ் ஆர்ம்
ஏப்ரல் 24, 2005

அருமை மகன் ரெண்டலுக்கு,

நான் சுகம். ஈறு நன்றாக ஆறிவிட்டது. ரத்தம் இல்லை, சீழ் இல்லை, வாடை இல்லை. பதினைந்து வருடத்தில் இப்படி இருந்ததே இல்லை. உன் குறிப்பில் எழுதிக்கொள்.

போன ஞாயிறு குழுவுக்குப் போனேன். என் இடத்தை அப்படியே வைத்திருந்தார்கள். ஊதுவாயை ஈறில் அழுத்திப் பார்த்தேன். உதட்டில் கூச்சம் போல ஒன்று, அவ்வளவுதான். மேலே ஏறவில்லை. எல்லோரும் கன்னத்தை உப்புவதும் கையை ஆட்டுவதும் பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. இதைத்தான் நான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தேனா என்று தோன்றியது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மாத்திரை. பத்து நாளைக்கு வேண்டாம். இரண்டு நாள், மூன்று நாளைக்கு. அப்போது என்னிடம் இயந்திரம் இல்லை, தேங்கிவிட்டது. இப்போதுதான் இருக்கிறதே. கேட்டுவிட்டு மறுநாள் போய்ப் படுத்தால் கழுவி எடுத்துவிடும் அல்லவா? நான் யோசித்துத்தான் கேட்கிறேன்.

அது மழை இல்லை என்று நீ எழுதினாய். இருக்கலாம். எனக்கு மழையாகத்தான் கேட்டது. உன் அம்மா பாதி வார்த்தையில் நின்றுவிட்டாள். "ரெண்டலுக்கு எழுதுறப்ப மறக்காம" என்றாள். அவள் முடிக்கிற வரை மட்டும் போதும்.

இதை எஃபிக்குச் சொல்லாதே.

அப்பா


வினிப்பெக்
மே 8, 2005

அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு முறை அதை நம்பலாம்.

முடியாது.

இந்த ஒரு வார்த்தையை எழுதி மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். நீங்கள் யோசித்தது தப்பு இல்லை. இயந்திரம் அந்த மருந்தைக் கழுவும். ஆனால் கழுவும் முன்னால் வலிப்பு வரலாம், மூச்சு நிற்கலாம். மூன்று நாளைக்குக் கேட்டாலும், ஒரு நாளைக்குக் கேட்டாலும் முடியாது. மறுபடி கேட்டாலும் இதையேதான் எழுதுவேன். எஃபி அத்தையிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரைகளை அவள் தபாலில் எனக்கு அனுப்பிவிட்டாள். தேடாதீர்கள்.

அம்மா என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியாது. நானாக ஒன்றை எழுதி, இதுதான் என்று உங்களுக்கு அனுப்பலாம். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். எது எழுதினாலும் என் குரலில்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. என் இடது சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்துகிறது. அறுவை ஜூன் 14, ஹாலிஃபாக்ஸில். உங்களுக்கும் அத்தைக்கும் பயணச்சீட்டு தனி உறையில் வரும். வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படிவத்தில் நீங்கள் எழுதிய 'இல்லை'யை நம்பினேன். இந்த 'வேண்டாம்' என்பதை நம்பப்போவதில்லை.

நீங்கள் உயிரோடு இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. இரண்டையும் சேர்த்துத் தர எனக்குத் தெரியவில்லை, அப்பா.

ரெண்டல்